26 கிகாஹெர்ட்ஸில் ஒரு தெரு: நகரச் சிக்னல் மாதிரி கட்டப் புதிதாக வருவோருக்கு

எம்.இ. கம்யூனிகேஷன் படிப்பவர்களும், நெட்வொர்க் பிளானிங் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களும் 'மில்லிமீட்டர் அலை' என்ற தலைப்பை விரும்பி எடுக்கிறார்கள். இணையத்தில் பாடம் நிறைய இருக்கிறது. சியோனா என்ற மென்பொருளோடு வரும் முனிச் நகரத்தை ஓட்டிப் பார்த்தால், எங்கே எவ்வளவு சிக்னல் கிடைக்கும் என்று காட்டும் வண்ணப்படம் அரை மணி நேரத்தில் வந்துவிடும். அதே வேலையை நம் ஊர்த் தெருவில் செய்ய முயலும்போதுதான் சிக்கல்கள் வரிசைகட்டும். கட்டடத்துக்கு உயரம் இருக்காது, சுவர் எதனால் ஆனது என்று தெரியாது, பாடத்தில் இருக்கும் கட்டளை ஓடாது. பல மாதம் அலைந்து தெரிந்துகொண்டவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன். கொஞ்சம் பைத்தானும் டெசிபல் கணக்கும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். உதாரணத்துக்குச் சென்னை தி.நகரை எடுத்திருக்கிறேன்.

1. அலைவரிசையையும் எல்லையையும் முதல் நாளே முடிவு செய்யுங்கள்

'5ஜி' என்று பொதுவாக எழுதிவிட்டு ஆரம்பிக்காதீர்கள். இந்தியாவில் 2022 ஏலத்தில் விற்ற மில்லிமீட்டர் அலைப்பட்டை 24.25 முதல் 27.5 கிகாஹெர்ட்ஸ் வரை. இதைத்தான் 26 கிகாஹெர்ட்ஸ் பட்டை என்கிறோம். வெளிநாட்டுக் கட்டுரைகள் பெரும்பாலும் 28 கிகாஹெர்ட்ஸைப் பற்றியவை. இயற்பியல் ஏறத்தாழ ஒன்றுதான், ஆனால் எண்களை அப்படியே தூக்கி வைக்கக் கூடாது. 26 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 11.5 மில்லிமீட்டர். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் வரும் தொல்லைகளில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

பரப்பு 400 மீட்டருக்கு 400 மீட்டர் போதும். 'தி.நகர் முழுவதும்' என்று ஆசைப்பட்டால் கட்டட உயரங்களை எடுக்கவே ஒரு செமஸ்டர் போய்விடும். ரங்கநாதன் தெருவும் உஸ்மான் சாலையின் ஒரு துண்டும் இருந்தால் ஒரு குறுகிய தெரு, ஒரு அகன்ற சாலை, ஒரு மேம்பாலம் மூன்றும் கிடைத்துவிடும்.

2. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

நான்கு போதும், நான்கும் இலவசம்.

மொபைல் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் டிஆர் 38.901. 0.5 முதல் 100 கிகாஹெர்ட்ஸ் வரைக்கான சேனல் மாதிரி இதில் இருக்கிறது. முழுவதும் படிக்க உட்காராதீர்கள். பாத் லாஸ் (வழியில் சிக்னல் இழக்கும் அளவு) அட்டவணை, நேர்ப்பார்வை வாய்ப்பு (ஆன்டெனா மறைவில்லாமல் தெரியும் வாய்ப்பு) அட்டவணை, கட்டடத்துக்குள் நுழையும் இழப்பு, இந்த மூன்று பகுதிகளை மட்டும் அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் (ஐடியு) வானொலிப் பிரிவு தரும் ஐடியு-ஆர் பி.2040. கான்கிரீட், செங்கல், கண்ணாடி போன்றவற்றின் மின்பண்புகள் இதில் உள்ளன. மழைக்கு பி.838, தெரு மட்டக் கணக்குக்கு பி.1411. ஐடியு தளத்தில் ஒரே ஆவணத்துக்குப் பல பதிப்புகள் கிடக்கும். 'நடப்பில் உள்ளது' என்று குறித்திருப்பதை மட்டும் எடுங்கள். பி.2040-இன் பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் கான்கிரீட்டுக்கான எண்கள் வேறு வேறு. எந்தப் பதிப்பு என்று எழுதாமல் விட்டால் வைவாவில் கேள்வி அங்கேதான் வரும்.

ஐஇஇஇ கட்டுரைகளுக்குக் காசு கொடுத்துவிடாதீர்கள். அரசுக் கல்லூரி, அரசுப் பல்கலைக்கழக மாணவர் என்றால் 2025-இல் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் கிடைக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். தனியார் கல்லூரியில் படிப்பவர்கள் முதலில் ஆர்கைவ் தளத்தில் தேடுங்கள். இந்தத் துறையில் பலரும் கட்டுரையின் முன்வடிவை அங்கே போட்டுவிடுகிறார்கள்.

3. மென்பொருளைத் திறக்கும் முன் கால்குலேட்டரைத் திறங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பின்னால் அதிகம் தவிக்கிறார்கள். கையால் போட்ட ஒரு கணக்கு இல்லாவிட்டால், மென்பொருள் தரும் எண் சரியா தவறா என்று சொல்ல உங்களிடம் எதுவும் இருக்காது.

டிஆர் 38.901-இல் தெருப் பள்ளத்தாக்கு (இருபுறமும் கட்டடங்கள் நிற்கும் தெரு) வகைக்கு நேர்ப்பார்வை பாத் லாஸ் இது: 32.4 + 21 × லாக்(தூரம்) + 20 × லாக்(அலைவரிசை). தூரம் மீட்டரில், அலைவரிசை கிகாஹெர்ட்ஸில். 100 மீட்டரில் 26 கிகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 103 டெசிபல் வரும். ஆன்டெனா கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு: 22.4 + 35.3 × லாக்(தூரம்) + 21.3 × லாக்(அலைவரிசை). இது 123 டெசிபல். ஒரு முனை திரும்பினால் 20 டெசிபல் போகிறது. அதாவது சிக்னல் நூறில் ஒரு பங்காகிறது.

இப்போது லிங்க் பட்ஜெட், அதாவது அனுப்பிய சக்தியில் எவ்வளவு போய்ச் சேர்கிறது என்ற வரவு செலவுக் கணக்கு. 30 டிபிஎம் சக்தி, 25 டெசிபல் ஆன்டெனா லாபம், ஆக 55 டிபிஎம் என்று வையுங்கள். முனை திரும்பிய இடத்தில் −68 டிபிஎம் வரும். 100 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு வெப்ப இரைச்சல் −94. ரிசீவரின் இரைச்சல் 10 டெசிபல் சேர்த்தால் −84. ஆக 16 டெசிபல் மிச்சம். தெருவில் நிற்பவருக்குத் தாராளம்.

அதே ஆள் கடைக்குள் போனால்? சாதாரணக் கண்ணாடிக்கு 38.901 தரும் சூத்திரம் 2 + 0.2 × அலைவரிசை, அதாவது 7 டெசிபல். தாங்கும். வெயில் தடுக்க உலோகப் பூச்சுப் பூசிய கண்ணாடிக்கு 23 + 0.3 × அலைவரிசை, சுமார் 31 டெசிபல். −99 டிபிஎம், இரைச்சலுக்கு 15 டெசிபல் கீழே. கான்கிரீட்டுக்கு 5 + 4 × அலைவரிசை, 109 டெசிபல். அதோடு பேச்சு முடிந்தது. இந்த நாலு வரிக் கணக்கே உங்களுக்கு ஒரு தீர்மானத்தைத் தருகிறது: கட்டடத்துக்கு உள்ளே மாதிரி கட்ட நேரம் செலவழிக்காமல் தெருவை மட்டும் எடுங்கள்.

நேர்ப்பார்வை வாய்ப்பையும் போட்டு வையுங்கள். அதே ஆவணத்தின் சூத்திரப்படி 50 மீட்டரில் 52 விழுக்காடு, 100 மீட்டரில் 23, 200 மீட்டரில் 9. இது பல நகரங்களின் சராசரி. வளைவில்லாத குறுகிய தெருவுக்கு இது பொருந்தாது. அந்தத் தெருவுக்கென்றே மாதிரி கட்டும் தேவை அங்கிருந்துதான் வருகிறது.

4. கட்டடங்கள் எங்கிருந்து கிடைக்கும்

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் முதல் இடம். ஐரோப்பிய நகரங்கள் பலவற்றுக்கு உயரமோ மாடி எண்ணிக்கையோ சேர்ந்தே வரும். நம் ஊர்களில் கட்டடத்தின் அடித்தடம் (தரையில் அது அடைக்கும் வடிவம்) இருந்தால் உயரம் இருக்காது. சில தெருக்களில் அடித்தடமே இருக்காது. உயரம் இல்லாத கட்டடங்களுக்கு மென்பொருள் தானாக ஏதோ ஓர் உயரத்தைப் போட்டுவிடும், எச்சரிக்கையும் தராது. அழகான 3டி படம் வந்ததே என்று மேலே போகாதீர்கள். எல்லாக் கட்டடமும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அது கற்பனை நகரம்.

அடித்தடம் விடுபட்ட இடங்களுக்குக் கூகுளின் ஓப்பன் பில்டிங்ஸ், மைக்ரோசாஃப்டின் கட்டட அடித்தடத் தொகுப்பு இரண்டும் இந்தியாவுக்கு உண்டு, இலவசம். செயற்கைக்கோள் படத்திலிருந்து கணினி கோடு போட்டவை இவை. தி.நகர் மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய இடத்தில் நாலு கடையை ஒரே கட்டடமாக இணைத்துவிடும். சந்து இருந்தால் அடைத்துவிடும். அந்தச் சந்து வழியாகத்தான் அடுத்த தெருவுக்கு அலை போகும் என்றால், உங்கள் முடிவே மாறிவிடும். க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் செயற்கைக்கோள் படத்தை அடியில் வைத்து ஒவ்வொன்றாகத் திருத்துங்கள். அலுப்பான வேலைதான், குறுக்குவழி கிடையாது.

ஆயத்தொலைவு விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. யூடிஎம் என்பது உலகை மண்டலங்களாகப் பிரித்து இடத்தை மீட்டரில் குறிக்கும் முறை. சென்னை, திருச்சி, மதுரை, சேலம் அதில் 44-ஆம் மண்டலத்தில் வருகின்றன. கோவையும் திருநெல்வேலியும் 43-இல். சென்னைக்காரர் எழுதிய ஸ்கிரிப்டைக் கோவையில் ஓட்டினால் இடம் தப்பிப்போகும்.

இன்னொன்று உயரம். தெருவில் ஜிபிஎஸ் கருவியின் கச்சா உயரத்தைப் பார்த்தால் சென்னையில் −80 மீட்டரை ஒட்டிக் காட்டும். கருவி பழுதில்லை. அது நீள்வட்டக் கோளத்திலிருந்து அளப்பது. தென்னிந்தியாவில் கடல் மட்டமே அந்தக் கோளத்துக்கு அவ்வளவு கீழே இருக்கிறது. அந்த எண்ணைக் கட்டட உயரத்தோடு கலக்காதீர்கள். சென்னை தட்டையான ஊர், தரையைப் பூச்சியம் என்று வைத்துக்கொண்டாலே போதும்.

5. தெருவில் இறங்கி அளப்பது

என் கருத்தில் மொத்த வேலையின் உயிர் இதுதான். இதற்கு ஒதுக்கும் நேரத்தை வேறெதற்காகவும் குறைக்காதீர்கள்.

போகும் முன் ஒரு கடிதம் வாங்குங்கள். துறைத் தலைவரின் கையெழுத்தும் கல்லூரி முத்திரையும் வேண்டும். உங்கள் பெயர், பதிவு எண், நோக்கம், தெருப் பெயர்கள், தேதிகள் எல்லாம் அதில் இருக்கட்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனிப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கடைவாசலில் நின்று கட்டடத்தைப் படம் எடுத்தால் காவலாளி வந்து கேட்பார், கேட்பது அவர் வேலை. "அண்ணா, காலேஜ் ப்ராஜெக்ட், கட்டடத்தோட உயரம் மட்டும்தான்" என்று கடிதத்தைக் காட்டினால் பெரும்பாலும் விட்டுவிடுவார். அவரே சில சமயம் எத்தனை மாடி, மேலே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார். மாம்பலம் ரயில் நிலையத்துக்குள் படம் எடுக்காதீர்கள், அதற்கு ரயில்வேயின் அனுமதி தனி. டிரோன் பறக்கவிடும் எண்ணம் இருந்தால் முதலில் அரசின் டிரோன் தளமான டிஜிட்டல் ஸ்கையில் மண்டலத்தைப் பாருங்கள். சந்தை கூடும் இடத்தில் அந்த எண்ணத்தையே விட்டுவிடச் சொல்வேன்.

நேரம்: காலை 7 முதல் 9 வரை. கூட்டம் இருக்காது, வெயில் கண்ணில் அடிக்காது.

உயரம் எடுக்க லேசர் டேப் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும். ஆனால் பகல் வெளிச்சத்தில் சிவப்புப் புள்ளி கண்ணுக்குத் தெரியாது. அதைவிட எளிது கோணம் காட்டும் மொபைல் ஆப். கட்டடத்திலிருந்து 20 மீட்டர் தள்ளி நில்லுங்கள். கூரை விளிம்பு 35 டிகிரியில் தெரிந்தால், 20 × டேன் 35 என்பது 14. அதோடு உங்கள் கண் உயரம் 1.6 சேர்த்தால் 15.6 மீட்டர். கோணத்தில் ஒரு டிகிரி பிசகினால் உயரத்தில் அரை மீட்டர் பிசகும். நமக்கு அது போதும். ரங்கநாதன் தெருவில் 20 மீட்டர் பின்வாங்க இடமில்லை. அங்கே மாடியை எண்ணி மாடிக்கு 3 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

மாடியை எண்ணும்போது இவற்றையும் குறியுங்கள்: தரைத்தளம் ஸ்டில்ட் பார்க்கிங்கா? அப்படியென்றால் அது சுவர் இல்லாத தூண்கள், போன் இருக்கும் 1.5 மீட்டர் உயரத்தில் அலை அதற்குள் புகுந்து போகும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு அறை, மேலே நிற்கும் விளம்பரப் பலகை. ஆன்டெனாவை மொட்டைமாடியில் வைக்கப்போகிறீர்கள் என்றால் இவையெல்லாம் நேரடியாக மறைக்கும்.

வரைபடத்தில் கட்டடமாக வராத, ஆனால் அலைக்குச் சுவராக நிற்பவை தனிப் பட்டியல். உஸ்மான் சாலை மேம்பாலம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சாலையாகத்தான் இருக்கும். 3டி-க்குக் கொண்டுவரும்போது தரையோடு தரையாக ஒரு கோடாகிவிடும். மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதையும் அப்படியே. தெற்கு உஸ்மான் சாலையிலிருந்து சிஐடி நகர் பக்கம் புதிதாக வந்த மேம்பாலம் பழைய செயற்கைக்கோள் படத்தில் இருக்கவே இருக்காது. இவற்றைக் கையால் பெட்டிகளாக வரைந்து சேர்க்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர், பெரிய மரம், நிரந்தர நிழற்கூரை எல்லாவற்றுக்கும் இடம் குறித்து வையுங்கள். சேர்ப்பதா விடுவதா என்று பிறகு முடிவு செய்யலாம்.

6. சுவர் எதனால் ஆனது

பூசிய செங்கல் சுவரா கான்கிரீட்டா என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. அதற்காக மெனக்கெட வேண்டாம். நேர்க்குத்தாக விழும் அலையில் கான்கிரீட் திருப்பி அனுப்புவது சுமார் 8 டெசிபல் குறைவாக, செங்கல் சுமார் 10 டெசிபல் குறைவாக. வித்தியாசம் பெரிதில்லை. எல்லாவற்றையும் கான்கிரீட் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கவனிக்க வேண்டியது உலோகம். தி.நகர்க் கடைகளின் முகப்பில் ஏசிபி ஷீட் (அலங்காரத்துக்கு ஒட்டும் அலுமினியப் பலகை) இல்லாத இடம் குறைவு. அதன் மேல்தோல் அலுமினியம். 26 கிகாஹெர்ட்ஸில் அலை அலுமினியத்துக்குள் ஒரு மைக்ரான் தூரம்கூடப் போகாது, முழுக்கத் திரும்பிவிடும். கான்கிரீட்டோடு ஒப்பிட்டால் 8 டெசிபல் கூடுதல். எந்தக் கடை முகப்பு ஏசிபி, எது பூச்சுக் கண்ணாடி, எது வெறும் பூச்சுச் சுவர் என்று தெருவின் இருபுறமும் கோடு போட்டுக் குறியுங்கள். கடை ஷட்டரும் உலோகம்தான். காலையில் மூடியிருக்கும்போது அது முகம் பார்க்கும் கண்ணாடிபோல் திருப்பி அனுப்பும், 10 மணிக்குத் திறந்தால் அங்கே ஒரு குகை. எந்த நேரத்துத் தெருவை மாதிரி கட்டுகிறீர்கள் என்று அறிக்கையில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அடுத்து சொரசொரப்பு. அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 1.4 மில்லிமீட்டருக்கு மேல் மேடுபள்ளம் இருந்தால் சுவரை வழவழப்பானதாகக் கருத முடியாது. நம் வீட்டுச் சுவர்ப் பூச்சில் பலதும் இந்தக் கோட்டைத் தாண்டும். அப்போது அலை ஒரே திசையில் திரும்பாமல் சிதறும். ஜன்னல் பள்ளம், ஏசி வெளிப்பெட்டி, கம்பி வலை எல்லாம் சேர்ந்து இன்னும் சிதறடிக்கும். மாதிரியில் இதைச் சிதறல் கெழு என்ற ஒரே எண்ணால் கொடுக்கிறோம். மென்பொருளில் அது தானாகவே பூச்சியத்தில் இருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

7. ப்ளெண்டரிலிருந்து சியோனாவுக்கு

காசு கொடுத்து வாங்கும் மென்பொருட்கள் உண்டு: வயர்லெஸ் இன்சைட், வின்ப்ராப். கல்லூரியில் மேட்லாப் இருந்தால் அதன் ரே ட்ரேசிங் (அலையைக் கதிர்களாக விட்டு, அவை சுவர்களில் பட்டுத் திரும்பும் வழியைக் கணக்கிடும் முறை) வசதியும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கோப்பை நேரடியாக எடுத்துக்கொள்ளும். ஒரு வாரத்துக்குள் எதையாவது காட்ட வேண்டும் என்றால் மேட்லாப் நல்லது. பொருட்களையும் சிதறலையும் விருப்பப்படி மாற்றிப் பார்க்க வேண்டும் என்றால் என்விடியா வெளியிடும் சியோனா. இலவசம், திறந்த மூலம். ஜிபியு இருந்தால் வேகம், இல்லாவிட்டால் சிபியுவிலும் மெதுவாக ஓடும்.

வழி இது. ப்ளெண்டர் என்ற இலவச 3டி மென்பொருளில் ப்ளாஸம் ஆட்-ஆன் போட்டுக் கட்டடங்களை இறக்குங்கள். உயரங்களைத் திருத்துங்கள். ஒவ்வொரு முகப்புக்கும் மெட்டீரியல் பெயர் கொடுங்கள். பிறகு மிட்சுபா ஆட்-ஆன் வழியாக எக்ஸ்எம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்து சியோனாவில் திறங்கள்.

பொறிகள் இங்கேதான் அதிகம். ப்ளெண்டரின் ஆகப் புதிய பதிப்பை இறக்காதீர்கள்; மிட்சுபா ஆட்-ஆன் எந்தப் பதிப்பை ஏற்கும் என்று அதன் பக்கத்தில் பார்த்து, அந்த நீண்டகால ஆதரவுப் பதிப்பை எடுங்கள். மெட்டீரியல் பெயர்கள் ஐடியு என்ற முன்னொட்டோடு சியோனா ஆவணத்தில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். ஏற்றுமதிப் பெட்டியில் மேல்நோக்கிய அச்சு இசட் என்று வையுங்கள். இல்லாவிட்டால் நகரம் பக்கவாட்டில் படுத்திருக்கும்.

ஈரத் தரை, உலர் தரை என்று பெயரிட்ட பொருட்களைத் தரைக்குக் கொடுத்தால் 26 கிகாஹெர்ட்ஸில் ஏற்காது. ஐடியு அட்டவணையில் அந்த எண்கள் 10 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும்தான். தரைக்கும் கான்கிரீட்டையே கொடுங்கள்.

கண்ணாடியில் இன்னொரு பொறி. சியோனாவில் எல்லாப் பொருளுக்கும் தடிமன் தானாக 10 சென்டிமீட்டர். சுவருக்குச் சரி. 10 சென்டிமீட்டர்க் கண்ணாடி உறிஞ்சுவது மட்டும் சுமார் 18 டெசிபல். நிஜமான 6 மில்லிமீட்டர்க் கண்ணாடி உறிஞ்சுவதோ ஒரு டெசிபல்தான். தடிமனைக் கையால் மாற்றுங்கள்.

8. ஓட்டுவது

இணையப் பாடங்களில் பெரும்பகுதி சியோனாவின் 1.0-க்கு முந்தைய பதிப்புக்கு எழுதியவை. அதில் வரும் கம்ப்யூட் பாத்ஸ், கவரேஜ் மேப் கட்டளைகள் இப்போது இல்லை. பாத் சால்வர், ரேடியோ மேப் சால்வர் என்று மாறிவிட்டன. பாடத்தின் தேதியைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். வேலை தொடங்கிய பதிப்பு எண்ணைக் குறித்துவைத்து, முடியும் வரை அப்டேட் செய்யாதீர்கள்.

அலைவரிசையை நீங்கள் கொடுக்காவிட்டால் 3.5 கிகாஹெர்ட்ஸ் என்று எடுத்துக்கொள்ளும், அதுவும் ஹெர்ட்ஸ் அலகில் கொடுக்க வேண்டும். 3.5-க்கும் 26-க்கும் இடையே 17 டெசிபல் வித்தியாசம். 'எதிர்பார்த்ததைவிட நல்ல கவரேஜ்' என்று மகிழும் முன் இதைப் பாருங்கள். சிதறல் சுவிட்சும் விளிம்பு விலகல் (கட்டட விளிம்பில் அலை வளைந்து போவது) சுவிட்சும் தானாக அணைந்திருக்கும். சிதறல் வேலை செய்ய இரண்டு இடத்தில் மாற்ற வேண்டும்: பொருளின் கெழு, சால்வரின் சுவிட்ச். ஒன்றை மட்டும் மாற்றினால் படம் துளியும் மாறாது. ஒரே பொருள் கொண்ட கட்டடங்களை ஏற்றும்போது சியோனா ஒன்றாக இணைத்துவிடும்; ஒரு கடையை மட்டும் மாற்றிப் பார்க்க நினைத்தால் அந்த இணைப்பை நிறுத்திவிட்டு ஏற்றுங்கள்.

முதல் ஓட்டத்தில் 5 மீட்டர்க் கட்டம், 3 எதிரொலிப்பு, பத்து லட்சம் கதிர். படம் சரியாகத் தெரிந்த பிறகு 1 மீட்டர், 5 எதிரொலிப்பு. கதிர் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினால் நடுமதிப்பு ஒரு டெசிபலுக்கு மேல் மாறுகிறது என்றால் இன்னும் போதவில்லை என்று பொருள். கூகுள் இணையத்தில் தரும் இலவச கோலாப் ஜிபியுவில் இந்தப் பரப்பு ஓடும். அமர்வு அறுந்துபோகும் என்பதால் ஒவ்வொரு முடிவையும் உடனே டிரைவில் சேமியுங்கள்.

9. நம்பும் முன் மூன்று சோதனை

கட்டடமே இல்லாத வெற்றுக் காட்சியில் தரையையும் நீக்கி ஓட்டுங்கள். 1 மீட்டரில் 60.7, 100 மீட்டரில் 100.7 டெசிபல் வர வேண்டும். வராவிட்டால் ஆன்டெனா லாபம் எண்ணுக்குள் கலந்திருக்கிறது.

அடுத்து உங்கள் தெருவில் நேர்ப்பார்வைப் புள்ளிகளை மட்டும் எடுத்துத் தூரத்தின் லாக்குக்கு எதிராகக் கோடு போடுங்கள். இழப்பு தூரத்தோடு ஏறும் அடுக்கு 2-ஐ ஒட்டி (தூரம் பத்து மடங்கானால் 20 டெசிபல்) வர வேண்டும். இருபுறச் சுவரும் அலையைத் தெருவுக்குள்ளேயே தள்ளுவதால் கொஞ்சம் குறைவாக வந்தாலும் சரியே. பிறகு மறைவுப் புள்ளிகள். 3-ஆம் படியில் நீங்கள் போட்ட 123 டெசிபலோடு ஒப்பிடுங்கள். அந்த ஆவணமே மறைவுப் பாதைக்கு 7.8 டெசிபல் ஏற்ற இறக்கம் (திட்ட விலக்கம்) சொல்கிறது. அதற்குள் இருந்தால் நிம்மதி. 20, 30 டெசிபல் கூடுதல் இழப்பு வந்தால் சிதறல் அணைந்திருக்கும். மிகக் குறைவாக வந்தால் கட்டட உயரத்தையோ சுவரில் விடுபட்ட ஓட்டையையோ தேடுங்கள்.

10. மழை, மரம், மனிதர்

மழையைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். பி.838 கணக்கில் மணிக்கு 100 மில்லிமீட்டர் கொட்டும் மழைக்கு 26 கிகாஹெர்ட்ஸில் கிலோமீட்டருக்குச் சுமார் 16 டெசிபல். 200 மீட்டர்த் தெருவில் அது 3 டெசிபல்தான். ஐப்பசி அடைமழையிலும் தெருமுனை அளவுக்கு அது கெடுக்காது.

மரமும் ஆளும் அப்படியில்லை. 100 மீட்டர் இணைப்பின் நடுவில் முதல் ஃப்ரெனெல் மண்டலத்தின் (நேர்க்கோட்டைச் சுற்றி அலைக்குத் தடையில்லாமல் இருக்க வேண்டிய இடம்) ஆரம் 54 சென்டிமீட்டர். ஒரு தூங்குமூஞ்சி மரக்கிளையே அதை நிரப்பிவிடும். ஓர் ஆள் போனுக்கு அருகில் குறுக்கே நின்றால் இழப்பு 20 டெசிபலை ஒட்டி வரும். தீபாவளிக்கு முந்தைய வாரத்து ரங்கநாதன் தெருவை மாதிரி கட்ட வேண்டும் என்றால் ஆன்டெனாவின் உயரம்தான் விடை. தலைகளுக்கு மேலிருந்து இறங்கும் கோணம் வேண்டும். 38.901-இல் மறைப்புக்குத் தனி மாதிரி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள்.

11. நிஜ சிக்னலால் அளக்க ஆசைப்பட்டால்

26 கிகாஹெர்ட்ஸ் ஏலத்தில் போன பட்டை. ஆய்வகத்துக்கு வெளியே உரிமம் இல்லாமல் ஒரு மில்லிவாட்கூட ஒளிபரப்பாதீர்கள், 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி குற்றம். தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு பரிசோதனை உரிமம் தருகிறது. விண்ணப்பம் சரள் சஞ்சார் இணையதளத்தில். கல்லூரியின் பெயரில் போடுங்கள். அலைவரிசை, அகலம், சக்தி, ஆன்டெனா லாபம், கருவி விவரம், இடத்தின் ஆயத்தொலைவு, தேதிகள், கல்லூரிக் கடிதம் எல்லாவற்றையும் முன்பே தயாராக வையுங்கள். கருவியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதாக இருந்தால் இறக்குமதி அனுமதி தனி வேலை. திரும்பத் திரும்ப விளக்கம் கேட்டு வரும் என்று எண்ணியே நாட்களை ஒதுக்குங்கள். ஒரு செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்கு இது ஒத்துவராது, ஆராய்ச்சி மாணவர்கள் முதல் ஆண்டிலேயே தொடங்கிவிடுங்கள்.

12. செலவும் காலமும்

மென்பொருள், ஆவணம், வரைபடம் எல்லாம் பூச்சியம் ரூபாய். லேசர் டேப் வாங்கினால் சில ஆயிரம், போக்குவரத்து, அச்சு. அவ்வளவுதான். காலத்தில் 2, 3-ஆம் படிகளுக்கு ஒரு வாரம். வரைபடமும் தெரு அளவீடும் நான்கிலிருந்து ஐந்து வாரம். ப்ளெண்டரும் மெட்டீரியலும் இரண்டு வாரம். ஓட்டுவதும் சோதனையும் இரண்டு வாரம். முதல் ரிவ்யூவில் வண்ணப்படம் கேட்டு அவசரப்படுத்துவார்கள். கையால் போட்ட லிங்க் பட்ஜெட்டையும் அளந்த உயரங்களின் பட்டியலையும் காட்டி அடுத்த ரிவ்யூவுக்கு நேரம் கேளுங்கள்.

எல்லாம் முடிந்ததும், நீங்கள் அளந்த மாடி எண்ணிக்கையையும் உயரத்தையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றிவிடுங்கள். ஆண்ட்ராய்டில் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் ஆப் இருந்தால் தெருவில் நிற்கும்போதே எத்தனை மாடி என்று கேட்டுப் பதிந்துகொள்ளும். நேரில் பார்த்ததை மட்டும் ஏற்றுங்கள். கூகுள் மேப்பைப் பார்த்து எழுதியதை ஏற்றக் கூடாது, உரிமச் சிக்கல் வரும். அப்படி ஏற்றியதைப் பிறகு நீக்கிவிடுவார்கள்.